போன வருஷப் படம் எங்கே?

சத்தியவேட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு வழி உண்டு. ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் சென்னை. நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர் என்று போனால் திருப்பதி. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த ஊரில் தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு இருக்கிறது, எந்தக் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும், அக்கம்பக்கத்தார் சொன்ன டாக்டர் எங்கே உட்காருகிறார் என்று பார்த்துத்தான் குடும்பங்கள் பஸ் ஏறுகின்றன. மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்த பெண்களுக்கும் இதே கணக்குதான். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தது திருப்பதியில், ஆபரேஷன் சென்னையில், 'கரண்ட்' வைத்தது மறுபடி திருப்பதியில் என்று ஒரே உடம்பின் வைத்தியம் இரண்டு மாநிலங்களில் நடந்து முடிந்திருக்கும். கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் இந்தப் பக்கத்தில் கரண்ட் என்கிறார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார்: மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே படம். அந்தச் சீட்டோடு வருகிற பெண்ணிடம் படம் எடுக்கும் அறையின் வாசலிலேயே கேட்கப்படும் முதல் கேள்வி, "போன வருஷப் படம் எங்கம்மா?" என்பது.

இந்தக் கேள்வியை வேலைக்காலம் முழுவதும் கேட்டவர் ஒருவர் சத்தியவேட்டில் பிறந்தவர். சென்னையில் ரேடியோகிராபி படித்து, அங்கேயே மார்பகப் படப்பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அந்த அறையை விட்டு நகராதவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் இருந்து வரும் பெண்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தக் கட்டுரையிலும் அவர் அக்காதான். படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது ரேடியாலஜி டாக்டர். படத்தை எடுப்பது ரேடியோகிராபர். இரண்டாமவர் சரியாக எடுக்காவிட்டால் முதலாமவர் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. நோயாளியோடு அந்த அறைக்குள் தனியாக நிற்பவரும் ரேடியோகிராபர்தான். அதனால் டாக்டரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளெல்லாம் அக்காவிடம் வந்து சேர்ந்தன.

"இன்னாக்கா, அதான் வெட்டி எடுத்தாச்சே, கரண்ட்டும் வச்சாச்சு. இன்னும் எதுக்குப் படம்?"

இதற்கு அக்கா சொல்லும் பதிலுக்குப் பின்னால் இரண்டு அறுவை நிபுணர்களின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. மார்பில் கட்டி என்றால் மார்பையே முழுசாக எடுத்துவிடுவதுதான் ஒரு காலத்தில் வழக்கம். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973இல் தொடங்கிய ஆய்வும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வும் அந்த வழக்கத்தை மாற்றின. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று இரண்டு ஆய்வுகளும் காட்டின. ஆனால் மார்பு மிச்சமிருந்தால் அதற்குள் நோய் திரும்பி வரும் வாய்ப்பும் கொஞ்சம் மிச்சமிருக்கும். 2002இல் வெளியான ஃபிஷர் குழுவின் 20 ஆண்டுக் கணக்கில், கட்டியை மட்டும் எடுத்து விட்டுவிட்ட பெண்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கரண்ட்டும் வைத்தவர்களில் அது 14.3 சதவீதம். இன்றைய மருந்துகளோடு இது இன்னும் குறைந்திருக்கிறது. ஆனாலும் இல்லை என்று ஆகிவிடவில்லை. அப்படித் திரும்பினால் கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்க மார்பில் புதிதாக ஒன்று முளைத்தாலும் பிடிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு மேமோகிராம் இதற்குத்தான்.

வைத்தியம் பார்த்த மார்பைப் படம் பிடிப்பது, முதல்முறை பரிசோதனைக்கு வரும் மார்பைப் பிடிப்பது போல் இல்லை. கத்தி பட்ட இடத்தில் தழும்பு கட்டும். படத்தில் அந்தத் தழும்பு நாலா பக்கமும் முள் நீட்டிக்கொண்டு தெரியும். புற்றுநோய்க் கட்டியும் அப்படித்தான் முள் நீட்டும். கரண்ட் வைத்த மார்பில் நீர் கோத்துத் தோல் தடிக்கும். கரண்ட் முடிந்து ஆறு மாதம் வாக்கில் அது உச்சத்தில் இருந்து, பிறகு இரண்டு மூன்று வருஷத்தில் மெல்ல வடியும். கொழுப்பு செத்துப் போன இடத்தில் எண்ணெய் தேங்கி, அதைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி மெல்லிய சுண்ணாம்பு படியும். அதுவும் உடனே வராது, இரண்டு முதல் ஐந்து வருஷம் கழித்துத்தான் பெரும்பாலும் தெரியும். இவை எல்லாமே கெடுதல் இல்லாதவை. ஆனால் தனியாக ஒரு படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கெடுதல் இல்லாதது எது, கெடுதல் எது என்று பிரிப்பது கடினம்.

போன வருஷப் படம் பக்கத்தில் இருந்தால் கதையே வேறு. தழும்பு வருஷா வருஷம் சுருங்கும், அல்லது அப்படியே நிற்கும். நின்றுகொண்டிருந்த தழும்பு திடீரெனப் பெருத்தால் சந்தேகம். வடிந்த வீக்கம் காரணமில்லாமல் மறுபடி ஏறினால் சந்தேகம். பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் புதிதாக ஓரிடத்தில் கூடினால் சந்தேகம். நோய் திரும்பியதா என்ற கேள்விக்குப் பாதி விடை, மாற்றம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. மாற்றத்தை ஒரு படத்தில் பார்க்க முடியாது.

இங்கேதான் எல்லை ஊரின் சிக்கல் ஆரம்பிக்கிறது.

1960 ஏப்ரல் 1 வரை சத்தியவேடு செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். எல்லைப் பிரச்சினையில் படாஸ்கர் தந்த பரிந்துரைப்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, மாற்றாக இந்தப் பகுதி ஆந்திராவுக்குப் போய்ச் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது சத்தியவேடு அதற்குள் வந்தது. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது தெலுங்கு, ஆஸ்பத்திரி அறிக்கையில் இருப்பது ஆங்கிலம். சென்னையில் பதியும்போது பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தோ கணவரின் முதலெழுத்தோ வரும். திருப்பதியில் அதே பெண்ணுக்கு ஆந்திர வழக்கப்படி வீட்டுப்பெயர் முன்னால் வந்து நிற்கும். ஓரிடத்தில் சித்தூர் மாவட்டம், இன்னோரிடத்தில் திருப்பதி மாவட்டம். வயது எந்த அட்டையைப் பார்த்து எழுதினார்கள் என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று வருஷம் கூடும், குறையும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவர்கள் இரண்டு வேறு பெண்கள். அக்கா பழைய பதிவைத் தேடி உட்கார்ந்தால் பெயரால் கிடைக்காது. ஆபரேஷன் நடந்த தேதியையும் எந்தப் பக்கம் என்பதையும் வைத்துத் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பல சமயம் கண்டுபிடிக்க இருக்கவும் இருக்காது. படம் இன்னோர் ஆஸ்பத்திரியில், இன்னொரு மாநிலத்தில், வாங்கி வராத ஒரு சிடி வட்டில் இருக்கும்.

பெண்கள் கொண்டுவருவது பெரும்பாலும் அறிக்கைத் தாள் மட்டும். துணிக்கடைப் பையில் நாலாக மடித்து, மழை பட்டு மை பரவி. தாளில் இருப்பது ஒரு டாக்டர் பார்த்துச் சொன்ன சொல். அதைப் படத்துக்குப் பதிலாக வைத்து ஒப்பிட முடியாது. ஒரு பரிசோதனை நிலையத்தில் படம் எடுத்த பெண் ஒருவருக்குத் தாளை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் அவர் திரும்பிப் போய்க் கேட்டபோது படங்கள் அழிக்கப்பட்டிருந்தன. தழும்பு பெருத்ததா என்று சொல்ல வழியில்லாமல், அவருக்கு மறுபடி ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. முடிவு தழும்பு என்றுதான் வந்தது. அந்த ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா பின்னால் கேள்விப்பட்டார். அதன் பிறகு தன் அறையை விட்டுப் போகிற ஒவ்வொருவரிடமும், "சிடியைக் கேட்டு வாங்கும்மா, தாளோட போயிடாதே" என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார்.

படம் எப்போது எடுக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. கரண்ட் முடிந்த மறுமாதமே ஓடிவருபவர்கள் இருக்கிறார்கள். மார்பு வீங்கிச் சிவந்திருக்கும் அந்தச் சமயத்தில் அமுக்கினால் வலி அதிகம், படத்தில் தெரிவதும் வீக்கம்தான். கரண்ட் முடிந்து குறைந்தது ஆறு மாதம் போக வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முதல் படம், பிறகு வருஷத்துக்கு ஒன்று. அந்த முதல் படம்தான் இனி வரப்போகும் எல்லாப் படங்களுக்கும் அடிப்படை. அதைத் தொலைப்பது போல நஷ்டம் வேறில்லை.

அறைக்குள் வந்ததும் அக்கா செய்யும் வேலைகள் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாதவை. எந்தப் பக்கம் ஆபரேஷன், எப்போது, கரண்ட் எப்போது முடிந்தது என்று கேட்டு எழுதுவார். தழும்பின் மேல் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டுவார், படத்தில் தழும்பின் இடம் தெரிவதற்கு. அக்குளிலும் மார்பிலும் பவுடரோ வாசனை ஸ்பிரேயோ இருந்தால் துடைக்கச் சொல்வார். அந்தத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் பொடி போல் தெரிந்து வீண் பீதியைக் கிளப்பும். தாலிச் சரட்டைக் கழற்ற மனம் வராத பெண்கள் பலர். அவர்களைக் கட்டாயப்படுத்தியதே இல்லை. சரட்டை முதுகுப் பக்கம் தள்ளி, ரவிக்கைக்குப் போடும் ஊக்கால் ஒரு துணியோடு சேர்த்துக் குத்தி வைத்துவிட்டால் படத்துக்குள் வராது. அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கையைத் தூக்குவது சிரமம். தோள் இறுகிப் போயிருக்கும். அவசரப்படுத்தாமல், அவர்கள் கையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்.

மேலிருந்து கீழாக ஒன்று, சாய்வாக ஒன்று என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம். ஆபரேஷன் ஆன இடத்துக்குச் சில சமயம் பெரிதாக்கிய படம் இன்னொன்று. அமுக்குவது சில விநாடிதான். அமுக்கினால்தான் சதை பரவி உள்ளே இருப்பது ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தெரியும், கதிரும் குறைவாகப் போதும். இரண்டு மார்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். "கரண்ட் வச்ச உடம்புல இன்னும் கரண்ட்டா?" என்று பயப்படுபவர்களுக்கு அக்கா சொல்லும் கணக்கு இது. வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம், சாப்பிட்டு வாங்க என்பார். விடிகாலையில் சத்தியவேட்டில் பஸ் ஏறிய பெண்ணுக்கு அந்தப் பதில் பெரிய நிம்மதி.

ஆபரேஷன் ஆன இடத்தில் பளிச்சென்று வெள்ளைக் கீறல்கள் சில தெரியும். கட்டி இருந்த இடத்தை அடையாளம் வைக்க டாக்டர் விட்ட டைட்டானியம் கிளிப்புகள் அவை. இதைப் பார்த்துவிட்டு, உள்ளே எதையோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று அழுதவர்களும் உண்டு. கரண்ட் வைக்கும்போது குறி தப்பாமல் இருக்கவும், பின்னால் படம் பார்ப்பவருக்கு இடம் தெரியவும் வேண்டுமென்றே வைப்பது அது. எம்ஆர்ஐ எடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

அறிக்கையின் கடைசி வரியில் ஓர் எண் இருக்கும். பைராட்ஸ் என்று போட்டு 0 முதல் 6 வரை. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 1993இல் கொண்டுவந்த முறை. இன்று உலகம் முழுக்க டாக்டர்கள் பேசிக்கொள்ளும் பொதுமொழி. டாக்டர்களுக்கென்று எழுதியதை நோயாளி படிக்கும்போதுதான் ஆபத்து. 0 என்று பார்த்ததும் ஒன்றும் இல்லை என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்ட பெண்களை அக்கா அறிவார். அந்த 0க்குப் பொருள், இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னொரு படமோ ஸ்கேனோ பழைய படமோ வேண்டும் என்பது. நல்ல செய்தி 1லும் 2லும்தான் இருக்கிறது. வைத்தியம் பார்த்த மார்புக்குப் பெரும்பாலும் 2 வரும். தழும்பு, கிளிப், எண்ணெய்க் கட்டி எல்லாம் அதில் அடங்கும். 3 என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். ஆறு மாதத்தில் வரச் சொன்னால் வர வேண்டும். பயந்து மறுநாளே ஊசி குத்தச் சொல்லவும் தேவையில்லை. 4, 5 வந்தால் சதை எடுத்துப் பார்த்தாக வேண்டும். 6 என்பதைப் பார்த்து முற்றிவிட்டது என்று நொறுங்கிப் போகிறார்கள். புற்று என்று ஏற்கெனவே ஊசியில் உறுதியான மார்பை, ஆபரேஷனுக்கு முன் படம் எடுத்தால் போடும் எண் அது, அவ்வளவுதான். நோயின் கட்டத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அறிக்கைக்குப் பின்பக்கம் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களின் தூக்கம் கெடாது. செலவு ஒரு வரி மை.

மார்பை முழுசாக எடுத்தவர்களுக்கு இன்னொரு சந்தேகம். எடுத்த பக்கத்தை ஏன் படம் பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார்கள். அங்கே அமுக்கி எடுக்கச் சதை இல்லை. டாக்டர் கையால் தடவிப் பார்ப்பதுதான் அங்கே சோதனை, ஏதாவது தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட். மறுபக்க மார்புக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு மேமோகிராம். ஒரு பக்கம் போய்விட்டதே என்று மறுபக்கத்தையும் மறந்து விடுகிறவர்கள் அதிகம், குறிப்பாக வயதானவர்கள்.

இனி வருவது அக்கா மிகவும் வருத்தப்பட்டுப் பேசும் விஷயம். "ஃபுல் பாடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மருமகனோ, வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ, அன்பினால் சொல்வதுதான். அவர்கள் சொல்வது பெட்-சி.டி. ஸ்கேன். அதற்கு ஆகும் பணத்தில் சத்தியவேட்டுக் குடும்பம் ஒன்று பல மாதம் சாப்பிடலாம். நகையை வைத்துவிட்டு வருவார்கள். வலி இல்லை, இருமல் இல்லை, எடை குறையவில்லை, டாக்டர் எழுதவும் இல்லை. மன நிம்மதிக்கு ஒரு ஸ்கேன்.

அந்த நிம்மதி கிடைப்பதில்லை என்பதுதான் உண்மை. 1994இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் இரண்டு இத்தாலிய ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்றில் 1,320 பெண்கள். பாதிப் பேருக்கு நெஞ்சுப் படம், எலும்பு ஸ்கேன், கல்லீரல் அல்ட்ராசவுண்ட், ரத்தப் பரிசோதனை என்று முறை வைத்து எல்லாம் செய்தார்கள். மற்றப் பாதிக்கு டாக்டர் பரிசோதனையும் வருஷாந்திர மேமோகிராமும் மட்டும். ஏறத்தாழ ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால், எல்லாம் செய்த குழுவில் 132 பேரும் மற்றக் குழுவில் 122 பேரும் இறந்திருந்தார்கள். இரண்டாவது ஆய்வு 1,243 பெண்களைத் தொடர்ந்தது. அடிக்கடி நெஞ்சுப் படமும் எலும்பு ஸ்கேனும் எடுத்தவர்களில் நோய் பரவியது கொஞ்சம் முன்னதாகத் தெரியவந்தது. ஆனால் ஐந்து வருஷ இறப்பில் 18.6 சதவீதத்துக்கும் 19.5 சதவீதத்துக்கும் இடையில் இருந்தது பெயரளவு வித்தியாசம்தான். முன்னதாகத் தெரிந்ததால் ஆயுள் கூடவில்லை. இதை வைத்துத்தான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இல், குணப்படுத்தும் நோக்கத்தோடு வைத்தியம் முடிந்து எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன்களும் ரத்தக் குறிகாட்டிச் சோதனைகளும் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அன்று இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன. அதனால் ஜெர்மனியில் 2022 முதல் சர்வைவ் என்ற பெரிய ஆய்வு, ரத்தப் பரிசோதனை வழியாக இந்தக் கேள்வியை மறுபடி எழுப்பியிருக்கிறது. விடை வரும்வரை பழைய முடிவே நிற்கிறது.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. காசநோய். சின்ன வயதில் வந்து தெரியாமலே ஆறிப்போன காசநோயின் வடு பலருடைய நுரையீரலில் இருக்கிறது, நெறிக்கட்டிகளில் இருக்கிறது. பெட் ஸ்கேனில் சர்க்கரையை இழுக்கும் இடமெல்லாம் ஒளிரும். புற்று மட்டும் அல்ல, காசநோய்ப் புண்ணும் ஒளிரும். ஒளிர்ந்துவிட்டால் அப்புறம் விட முடியாது. நெஞ்சுக்குள் ஊசி, இன்னொரு ஸ்கேன், இன்னொரு காத்திருப்பு. முழங்கால் தேய்மானம் எலும்பு ஸ்கேனில் தெரிந்து, எலும்புக்குப் பரவிவிட்டது என்று வீடு முழுக்க அழுத கதைகளும் அக்காவிடம் இருக்கின்றன. கதிர் அளவும் சின்னதில்லை. பெட்-சி.டி. ஒன்றில் 20 மில்லிசீவர்ட்டையும் தாண்டலாம்.

அறிகுறி வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஒரே இடத்தில் விடாமல் எலும்பு வலி, விடாத இருமல், மூச்சு வாங்குதல், காரணமில்லாமல் எடை குறைதல், மஞ்சள் காமாலை, புதுத் தலைவலி, தழும்பின் மேல் புது முடிச்சு, காம்பில் ரத்தம். அடுத்த மேமோகிராம் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மறுநாளே போக வேண்டும். அப்போது டாக்டர் எழுதுகிற ஸ்கேன் ஒவ்வொன்றும் அவசியமானது. "ஆறு மாசம் முன்னாடி எடுத்த மேமோகிராம் நல்லா இருந்துச்சே" என்று முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி அக்கா சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. மேமோகிராம் மார்பை மட்டுமே பார்க்கிறது. முதுகைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வைத்தியத்தின் பக்கவிளைவைப் பார்க்கும் படங்கள் தனி. ஹெர்2 வகைப் புற்றுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி போடுபவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள், அந்த மருந்து இதயத்தைக் களைக்க வைக்கக்கூடும் என்பதால். லெட்ரோசோல் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எலும்பு மெலியும், அதற்கு டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திச் சோதனை. டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு கண்டால் உடனே சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் எதுவும் நோய் திரும்பியதா என்று தேடுவதற்காக இல்லை என்று விளக்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இளம் வயதுப் பெண்களின் நிலை கொஞ்சம் வேறு. இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மேல்நாடுகளைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது. அந்த வயதில் மார்பு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் வெள்ளைக்குள் வெள்ளை தேடுகிற கஷ்டம். 50 வயதுக்கு முன் நோய் வந்தவர்களுக்கும் அடர்த்தியான மார்பு உள்ளவர்களுக்கும் மேமோகிராமோடு வருஷத்துக்கு ஓர் எம்ஆர்ஐ சேர்க்கலாம் என்று அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2018இல் பரிந்துரைத்தது. இங்கே எம்ஆர்ஐ எல்லோருக்கும் எட்டாது, அல்ட்ராசவுண்ட் எட்டும். பிஆர்சிஏ மரபணுக் கோளாறு உறுதியானவர்களுக்கு மட்டும் எம்ஆர்ஐயை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது அக்காவின் கட்சி.

ஊர்ப்பக்கம் வசதி முன்பைவிடக் கூடியிருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் அடையாற்றில் எழுந்து, டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை தன் வாழ்நாளைக் கொடுத்த புற்றுநோய் மருத்துவமனைதான் ஒரு காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கத்து மக்களுக்கும் போக்கிடம். இன்று திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993இல் வந்த சுவிம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது, டாடா அறக்கட்டளையின் முயற்சியில் 2022 மே 5 அன்று திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. 2007இல் தொடங்கிய ஆந்திர அரசின் மருத்துவ உதவித் திட்டமான ஆரோக்கியஸ்ரீ, ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறினாலும் ஊர் வாயில் ஆரோக்கியஸ்ரீயாகவே கைகொடுக்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு சத்தியவேட்டுக்காரர்களுக்குக் கிடையாது. சுவிம்ஸின் பிங்க் பஸ் மேமோகிராம் இயந்திரத்தோடு கிராமங்களுக்கே வருகிறது. வைத்தியம் முடித்தவர்கள் சிலர், பஸ்தான் வாசலுக்கு வந்துவிட்டதே, அங்கேயே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். பஸ் முகாம் நோய் இதுவரை வராதவர்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு. வைத்தியம் பார்த்த மார்புக்கு டாக்டர் பக்கத்தில் இருந்து, பழைய படத்தை வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கேயே இன்னொரு படமோ அல்ட்ராசவுண்டோ எடுக்க வேண்டும். "பஸ்ல உங்க மருமகளை அனுப்புங்க, நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்பது அக்காவின் வாடிக்கையான பதில்.

எத்தனை வருஷம் எடுக்க வேண்டும்? ஹார்மோன் வகைப் புற்று ஐந்து வருஷம் தாண்டியும் திரும்பக்கூடியது. அதனால் ஐந்தோடு முடிந்துவிடுவதில்லை. பிரிட்டனில் 114 ஆஸ்பத்திரிகளில் 5,235 பெண்களை வைத்து நடந்த மேமோ-50 ஆய்வு 2023 டிசம்பரில் முடிவைச் சொன்னது. 50 வயதுக்கு மேல் நோய் கண்டு, ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வருஷா வருஷம் எடுத்தாலும், கட்டியை மட்டும் எடுத்தவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒன்று, மார்பை எடுத்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒன்று என்று எடுத்தாலும், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. மார்பகப் புற்றுக்குப் பலியாகாமல் இருந்தவர்கள் ஐந்து வருஷக் கணக்கில் 98.1 சதவீதமும் 98.3 சதவீதமும். வருஷத்துக்கு ஒருநாள் கூலியை விட்டு, பஸ் மாறி வருகிற பெண்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் 50 வயதுக்குள் நோய் வந்தவர்களை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் அவர்கள்தான் நிறைய. இடைவெளியைக் கூட்டுவதை டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், தானாகத் தள்ளிப்போடக் கூடாது. எழுபத்தைந்தைத் தாண்டி வேறு நோய்களோடு தளர்ந்திருப்பவர்களுக்கு நிறுத்திவிடலாமா என்பதையும் அதே மாதிரி பேசலாம்.

கடைசியாக, அறையை விட்டு வெளியே போகும்போது திரும்பி நின்று பெண்கள் கேட்பது தங்களைப் பற்றி இல்லை. "என் பொண்ணுக்கு எப்பக்கா பாக்கணும்?" அம்மாவுக்கு நோய் தெரிந்த வயதிலிருந்து பத்து வருஷத்தைக் குறைத்துக் கணக்கிட வேண்டும், ஆனால் 30 வயதுக்கு முன்னால் மேமோகிராம் வேண்டாம். அம்மாவுக்கு 48இல் வந்திருந்தால் மகளுக்கு 38இல் தொடங்கலாம். அம்மாவுக்கு 50க்குள் வந்திருந்தாலோ, டிரிபிள் நெகட்டிவ் என்கிற வகையாக இருந்தாலோ, குடும்பத்தில் இன்னும் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று வந்திருந்தாலோ, மரபணுச் சோதனையை முதலில் அம்மாவுக்குச் செய்து பார்த்துவிட்டு, கோளாறு இருந்தால் மகளுக்குச் செய்ய வேண்டும். மகளின் முதல் படத்துக்கும் சிடியைக் கேட்டு வாங்கச் சொல்லி, பெயரை ஆதாரில் இருக்கிறபடியே எல்லா ஊரிலும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் அக்கா.